நான்கு இரவுகளின் கணக்கு

2020 மார்ச் 7-ஆம் தேதி மாலத்தீவில் முதன்முதலாக இரண்டு பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. இருவரும் லவியானி பவளத்தீவுத் தொகுதியில் உள்ள குரேது ரிசார்ட்டில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அங்கே தங்கிவிட்டுப் போன இத்தாலியப் பயணி ஒருவருக்கு ஊர் திரும்பிய பிறகு நோய் தெரியவந்தது. அதன் பிறகே தொற்று ரிசார்ட்டுக்குள் இருப்பது வெளிப்பட்டது. விருந்தாளி வந்தார், தங்கினார், கிளம்பினார். அவர் விட்டுச்சென்றது என்ன என்று தீவுக்குத் தெரிந்தபோது அவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார். அடுத்த ஈராண்டுகளில் வெயிலும் கடலும் தேடித் தீவுப் பயணம் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் கேட்டது, எந்தத் தீவு திறந்திருக்கிறது, என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி எத்தனை நாள் தங்குவது என்பது. மூன்று நாள், நான்கு நாள் என்று போய்வரும் குறுகிய விடுமுறைதான் தொற்றுக் காலத்தில் தீவுக்கும் பயணிக்கும் மிகப் பாதகமானது. போவதென்றால் நீண்ட நாள் தங்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் கடலைக் கடக்காமல் இருப்பதே சரி. இன்னொரு பெருந்தொற்று எப்போது வந்தாலும் இதே தீவுகள் இதே கேள்வியைச் சந்திக்கும் என்பதால், அந்த நாட்களின் அனுபவத்தை இப்போதே எண்ணிப் பார்த்துவைப்பது அவசியம்.

காரணம் வைரஸின் நாள்கணக்கில் இருக்கிறது. 2020-இல் பரவிய வைரஸ் உடலுக்குள் நுழைந்து அறிகுறி காட்டுவதற்குச் சராசரியாக ஐந்து நாட்கள் எடுத்துக்கொண்டது. அறிகுறி தோன்றுவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே, தனக்கு நோய் இருப்பது தெரியாமலேயே ஒருவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கினார். பிசிஆர் பரிசோதனையை எல்லோரும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட கணக்கீடு வேறு கதை சொன்னது. தொற்று ஏற்பட்ட முதல் நாளில் எடுக்கும் பரிசோதனை நோயை ஏறத்தாழ முழுவதுமாகத் தவறவிடுகிறது. நான்காம் நாளில்கூட நூற்றுக்கு 67 பேரைத் தவறவிடுகிறது. ஐந்தாம் நாளில் 38. எட்டாம் நாளில் 20. இதை ஒரு விடுமுறையின் மேல் பொருத்திப் பார்க்கலாம். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு உறவினர் வீட்டு விருந்தில் ஒருவருக்குத் தொற்று ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் பரிசோதனை, ‘தொற்று இல்லை’ என்று முடிவு வருகிறது, சான்றிதழோடு விமானம் ஏறுகிறார். தீவில் அவர் கழிக்கும் நான்கு இரவுகள், தொற்றின் நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை. மிக அதிகமாகப் பரப்பக்கூடிய நாட்கள் அவைதாம். லேசான தொண்டை வலியோடு அவர் ஊர் திரும்புகிறார். அவரைத் தீவின் கணக்கில் யாரும் எழுதவில்லை. குறுகிய விடுமுறையின் நீளமும் வைரஸ் மறைந்திருக்கும் காலத்தின் நீளமும் இப்படி ஒன்றாகிவிட்டன. பயணிகளின் அலட்சியத்தை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. எல்லா விதிகளையும் ஒழுங்காகப் பின்பற்றியவருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்று எல்லையைத் திறந்தபோது பரிசோதனையே கேட்கவில்லை. உடல்நல அறிவிப்புப் படிவம் போதும் என்றது. செப்டம்பரில்தான் பிசிஆர் சான்றிதழ் கட்டாயமாயிற்று. முதலில் கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு அது 96 மணி ஆனது. நான்கு நாள் பழைய சான்றிதழோடு நான்கு நாள் விடுமுறைக்கு வருகிற ஒருவர் எந்த வலையிலும் சிக்காமல் போய்விட இடமிருந்தது. அந்த நாட்டின் பாதுகாப்பு உண்மையில் சான்றிதழில் இல்லை, அதன் நிலவமைப்பில்தான் இருந்தது. 1972-இல் குரும்பா ரிசார்ட்டோடு தொடங்கிய ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற ஏற்பாட்டில் விருந்தாளிகள் ஊர் மக்கள் வாழும் தீவுகளில் கால் வைக்கவே தேவையில்லை. முதலில் ரிசார்ட் தீவுகளும் தங்கும் வசதியுள்ள படகுகளும் மட்டும் திறந்தன. மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்கள் மூன்று மாதம் கழித்து அக்டோபர் 15-ஆம் தேதிதான் திறந்தன. இந்த வரிசையை நான் மதிக்கிறேன். கையில் இருந்த ஒரே நல்ல கருவியான கடலை அவர்கள் முதலில் பயன்படுத்தினார்கள்.

நிலவமைப்பின் துணை அந்த அளவுக்கு இல்லாத தீவுகள் நாட்களையே கருவியாக்கின. ஹவாய் மாநிலத்தின் கவாய் தீவு இதற்கு மிகத் தெளிவான சான்று. 2020 மார்ச் இறுதியிலிருந்து ஹவாய்க்கு வந்த எல்லோரும் 14 நாள் தனித்திருக்க வேண்டியிருந்தது. எழுபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கவாயில் நோய் கிட்டத்தட்ட இல்லை. அக்டோபர் 15 அன்று மாநில அரசு, பயணத்துக்கு முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஒரே பரிசோதனை இருந்தால் போதும், தனித்திருக்க வேண்டாம் என்றது. கவாய் மேயர் டெரெக் கவகாமி, வந்தபின் இரண்டாவது பரிசோதனையும் வேண்டும் என்று கேட்டுவந்தார். தொற்று ஏறத் தொடங்கியதும் டிசம்பர் 2 முதல் கவாய் அந்தத் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது. 2021 ஜனவரியில் அது கொண்டுவந்த புது ஏற்பாட்டில், பயணி குறிப்பிட்ட சில ரிசார்ட்டுகளின் வளாகத்துக்குள் மூன்று நாள் இருக்க வேண்டும், அதன்பின் மறுபரிசோதனை, அதில் தொற்று இல்லை என்றால் தீவு முழுக்கச் சுற்றலாம். நான்கு இரவுக்கு வருகிறவருக்கு இதில் மிஞ்சுவது ஒரே நாள். பத்து நாளுக்கு வருகிறவருக்கு ஒரு வாரம் மிஞ்சும். யாருக்கும் கதவைச் சாத்தாமல், குறுகிய பயணத்தை மட்டும் அர்த்தமற்றதாக்கிய ஏற்பாடு இது. தாய்லாந்தின் ஃபூகெட் 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய ‘சாண்ட்பாக்ஸ்’ திட்டமும் இதே தர்க்கத்தில் எழுந்தது: தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் வரலாம், ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போகும் முன் 14 இரவு ஃபூகெட்டிலேயே தங்க வேண்டும். வந்த நாளிலும், ஒரு வாரத்திலும், இரண்டாம் வார முடிவிலும் பரிசோதனை. முதல் மாதத்தில் வந்த சுமார் 14,000 பேரில் தொற்று உறுதியானவர்கள் நூறுக்கும் குறைவு. அந்தச் சிலரும் தீவிலேயே, கண்ணெதிரே கண்டுபிடிக்கப்பட்டார்கள். குரேதுவில் நடக்காமல் போனது இதுதான்.

நம் பக்கத்திலேயே லட்சத்தீவு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். 2020 முழுவதும் அங்கே ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. கொச்சியில் தனித்திருந்து, பரிசோதித்துக்கொண்டு, அதன் பிறகே கப்பல் ஏற வேண்டும் என்பது தீவுவாசிகளுக்கும் சேர்த்தே இருந்த விதி. அந்த ஆண்டின் இறுதியில் அந்தத் தனிமைப்படுத்தல் எடுக்கப்பட்டு, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவு போதும் என்றானது. 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று பதிவானது. மே இறுதிக்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தார்கள். இதை அளவோடு சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் இந்தியா முழுவதையுமே இரண்டாம் அலை புரட்டிப்போட்டது. லட்சத்தீவுக்குள் வந்துபோனவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகளும் அல்லர். ஆகவே பயணிகள் நோயைக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இது சான்றாகாது. சில நாட்கள் காத்திருக்க வைப்பது செய்த வேலையை ஒற்றைப் பரிசோதனைத் தாள் செய்யவில்லை என்பதற்குத்தான் சான்று. என் வாதத்துக்கு அது போதும்.

தீவின் பக்கத்தை விட்டுப் பயணியின் பக்கம் வந்தாலும் கணக்கு மாறவில்லை. குறுகிய விடுமுறையின் செலவும் அலைச்சலும் நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. போகும்போது ஒரு பரிசோதனை, திரும்பும்போது ஒன்று, பல நாடுகளில் வீடு வந்த பின் இன்னொன்று. நான்கு இரவுக்கும் இதே, பதினான்கு இரவுக்கும் இதே. 2021 ஜனவரி 26 முதல் அமெரிக்காவுக்குள் பறக்கும் எல்லோரும் மூன்று நாட்களுக்குள் எடுத்த பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் அது ஒரே நாளாகச் சுருங்கியது. இந்தியாவும் 2021 பிப்ரவரி முதல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் 72 மணி நேரச் சான்றிதழ் கேட்டது. நான்கு இரவுப் பயணத்தில் திரும்பும் பரிசோதனை என்பது, தீவில் கால் வைத்த இரண்டாம் நாளே மூக்கில் குச்சி விட்டுக்கொள்வது. மாலத்தீவின் தொலைதூரத் தொகுதி ஒன்றில் மாதிரியை எடுத்து, விசைப்படகிலோ கடல்விமானத்திலோ ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பவை என்பதையும் சேர்த்துக்கொண்டால், சாயங்காலம் மாலேயில் இறங்குகிறவருக்கு முதல் இரவும், விடியற்காலை விமானம் பிடிக்கிறவருக்குக் கடைசி இரவும் ரிசார்ட்டில் கிடையாது. எஞ்சும் இரண்டு இரவில் ஒன்று பரிசோதனை முடிவு என்ன ஆகுமோ என்ற கவலையில் போகிறது.

அந்த முடிவு தொற்று என்று வந்தால்? பத்து நாளோ இரண்டு வாரமோ தனியறை. உடன் வந்தவர்களுக்கும் தடை. ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவருக்கு வேலை, குழந்தைகளின் பள்ளி, வீட்டில் விட்டுவந்த முதியவர்கள், எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். அப்போது அறிகுறியை மறைக்கத் தோன்றுவது மனித இயல்பு. குறுகிய விடுப்பு மனிதரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. விடுப்பை நீட்டிக்கொள்ள இடம் வைத்து வந்தவருக்கு உண்மையைச் சொல்வது எளிது. இந்த ஒரு காரணமே போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

பலாவின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். பசிபிக்கில் உள்ள இந்தச் சிறு நாடு, அன்று தொற்று மிகக் குறைவாக இருந்த தைவானோடு 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு பயண ஏற்பாடு செய்துகொண்டது. அதிபர் சுராங்கெல் விப்ஸ் முதல் பயணிகளோடு சேர்ந்தே பறந்தார். குழுவாகச் சென்று சில நாட்களில் திரும்பும் திட்டம். இரண்டு இடங்களிலும் நோய் ஏறத்தாழ இல்லாத நிலையில் இதைவிடப் பாதுகாப்பான குறுகிய பயணம் இருக்க முடியாது. ஆனாலும் சில வாரங்களுக்குள் ஆள் சேராமல் விமானங்கள் ரத்தாயின. விலை அதிகம் என்பது ஒரு காரணம். திரும்பியவர்கள் முதல் ஐந்து நாட்களைக் கடுமையான கட்டுப்பாடுகளோடு கழிக்க வேண்டும் என்ற தைவானின் விதி இன்னொரு காரணம். சில நாள் உல்லாசத்துக்கு அதே அளவு நாட்கள் முடங்கிக் கிடக்க யார் சம்மதிப்பார்கள்? தைவான் அந்த விதியைத் தளர்த்தியது. மே மாதம் தைவானிலேயே தொற்று பரவ, ஏற்பாடு நின்றுபோனது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நீண்டு தங்கினால், தங்கியிருக்கும்போதே விதிகள் மாறிவிடும் ஆபத்து கூடுமே என்பார்கள். உண்மைதான். 2021 மே 7 அன்று பிரிட்டன் மாலத்தீவைச் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது; மே 12 அதிகாலையிலிருந்து திரும்புகிறவர்கள் 1,750 பவுண்டு கட்டி விடுதியில் அடைபட வேண்டும் என்றானது. நான்கு இரவுக்குப் போனவர் தப்பியிருப்பார், இரண்டு வாரத்துக்குப் போனவர் மாட்டியிருப்பார். ஆனால் அந்த அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஐந்து நாள் இருந்தது. நாட்களைக் கையில் வைத்திருப்பவர் முன்கூட்டியே கிளம்பலாம், இருந்து முடித்துப் போகலாம், வேறு நாட்டில் காத்திருக்கவும் செய்யலாம். குறுகிய விடுமுறைக்காரருக்கு, இடைவெளி தராமல் உடனே அமலாகும் அறிவிப்பு அவர் இருக்கும்போது வந்தால் எந்த வழியும் இல்லை. ஆபத்து நிகழும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. நிகழ்ந்தால் அடி மிகப் பெரிது.

ரிசார்ட் தீவில் ஊர் மக்களோடு தொடர்பே இல்லை, அங்கே நான்கு இரவு தங்குவதால் யாருக்கு என்ன நட்டம் என்பது இரண்டாவது மறுப்பு. தனித் தீவில் மனிதர்கள் இல்லாமல் இல்லை. சமைப்பவர், படகோட்டுபவர், படுக்கை விரிப்பவர், தோட்டம் பார்ப்பவர் எல்லோரும் அதே தீவில், விருந்தாளிகளின் அறைகளைப்போல் விசாலமில்லாத குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மாலத்தீவில் அவர்களில் பலர் வங்கதேசம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து போனவர்கள். எல்லைகள் மூடியபோது அவர்களால் விமானம் ஏறித் திரும்ப முடியவில்லை. 2020 ஜூன் மாதம் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் மாலேயிலிருந்து 700 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறக்கியது. மாலத்தீவிலிருந்து திரும்பக் கப்பல் பிடிக்க வேண்டியிருந்தவர்களும், வார இறுதிக்கு வந்து போகிறவர்களும் ஒரே தீவில் இருந்தாலும், ஒரே ஆபத்தில் இல்லை. குரேதுவில் முதலில் நோயுற்றவர்கள் யார் என்பதை மறந்துவிட்டுத்தான் ‘தொடர்பே இல்லை’ என்று சொல்ல முடியும்.

தடுப்பூசி வந்தபின் இந்த வாதம் காலாவதி ஆகவில்லையா? பாதி ஆனது. மாலத்தீவு 2021 பிப்ரவரி 1 அன்று தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கி மிக வேகமாகப் போட்டது. சுற்றுலாத் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை தந்தது. உயிரிழப்புகளை அது வெகுவாகத் தடுத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மே மாதத்தில், ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டில் ஒரே நாளில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவானது. உள்ளாட்சித் தேர்தல், நோன்புகாலக் கூடுகைகள் எனப் பல காரணங்கள் சேர்ந்தன. பயணிகள் தலையில் அதை முழுக்கக் கட்டுவது அநியாயம். மே 13 முதல் தெற்காசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மாலத்தீவு தடை போட்டது. 2020-இல் அதன் பெரிய சந்தையே இந்தியாதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவின் வலி புரியும். ஜூலை 15 வரை தடை நீடித்தது. பின்னால் வந்த ஒமைக்ரான் வகை மூன்று நாளிலேயே அறிகுறி காட்டியது. அப்போது குறுகிய பயணி தீவை விட்டுப் போவதற்குள்ளாகவே நோயுற்றுப் படுத்தார். மறைந்துபோகும் பிரச்சினை குறைந்து, மாட்டிக்கொள்ளும் பிரச்சினை கூடியது. கணக்கின் உறுப்புகள் இடம் மாறின. நான்கு இரவு என்பது அப்போதும் சரியான விடையாகவில்லை.

மிகக் கனமான மறுப்பு வயிற்றுப்பாடு பற்றியது. 2019-இல் 17 லட்சம் பேர் வந்த மாலத்தீவுக்கு 2020-இல் வந்தவர்கள் ஐந்தரை லட்சம். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. வர வேண்டாம் என்று தொலைவிலிருந்து சொல்கிறவர் அந்தப் பசியைச் சுமக்கப் போவதில்லை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீவின் வருமானம் பெரும்பாலும் இரவுகளைப் பொறுத்தது, தலைகளைப் பொறுத்தது அல்ல. அறை வாடகை இரவுக்கு; சாப்பாடு நாளுக்கு; மாலத்தீவின் பசுமை வரிகூட அப்போது ரிசார்ட்டில் ஆளுக்கு இரவொன்றுக்கு 6 டாலர், விருந்தினர் இல்லத்தில் 3 டாலர். நூறு பேர் நான்கு இரவு தங்கினாலும் நாற்பது பேர் பத்து இரவு தங்கினாலும் நானூறு இரவுகள்தான், வரியும் ஒன்றுதான். விமான நிலையக் கட்டணமும் படகுக் கூலியும் மட்டும் ஓரளவு குறையும். நோய் நுழையக்கூடிய வாசல்களோ நூறிலிருந்து நாற்பதாகின்றன. பார்படாஸ் 2020-இல் பன்னிரண்டு மாதம் தங்கி வேலை செய்ய 2,000 டாலர் கட்டணத்தில் ‘வெல்கம் ஸ்டாம்ப்’ விசா கொண்டுவந்ததற்கும், பெர்முடாவும் மொரிஷியஸும் அதே ஆண்டில் நீண்டநாள் விசாக்களை அறிவித்ததற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நீண்டு தங்குகிறவர் நோயுற்றால் தீவின் மருத்துவமனைக்குத்தானே சுமை என்று கேட்கலாம். சுமைதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற சுமை. அறையோடு நிறுத்திவைக்க முடிகிற சுமை. தெரியாமல் பரவியது அதைவிடப் பல மடங்கு படுக்கைகளைக் கேட்கும்.

ஒரு மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. பத்து இரவு தங்குவதும், தீவிலிருந்தபடி மடிக்கணினியில் வேலை பார்ப்பதும் வசதியுள்ளவர்களுக்குத்தான் கூடும். ஆண்டில் ஐந்து நாள் விடுப்பு கிடைக்கும் எழுத்தருக்கு மட்டும் கடல் கிடையாதா? அவருக்குக் கட்டுப்படியாவது மக்கள் வாழும் தீவின் விருந்தினர் இல்லம். அங்கேதான் மளிகைக் கடையிலும் படகுத்துறையிலும் ஊராரோடு நெருக்கம் அதிகம், மருத்துவ வசதியும் குறைவு. சிக்கனமான குறுகிய பயணம்தான் மிக அதிக ஆபத்தைக் கொண்டுபோகிறது என்பது கசப்பான உண்மை. இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்து ஒருமுறை போவது, கடல் தாண்டாத கடற்கரையைத் தேர்வது, தொற்று தணியும்வரை ஒத்திப்போடுவது என்று சொல்லலாமே தவிர, இது சமமான ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபூகெட்கூட 14 இரவை 2021 அக்டோபரில் ஏழாகக் குறைத்தது. அவ்வளவு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் சந்தையில் குறைவு. ஆனாலும் அது மூன்றாகக் குறைக்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

ஆகவே தடைகளுக்கு நடுவே தீவுப் பயணம் திட்டமிடுகிறவர் விமானச் சீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. சொந்த நாடு திரும்பும்போது என்ன கேட்கிறது என்பது முதல் கேள்வி. அதிலிருந்து பின்னோக்கி வந்தால் பரிசோதனை நாள் தெரியும், அதிலிருந்து தங்கும் நாட்கள் தெரியும். ஐந்தாம் நாளில் தானாகவே ஒரு பரிசோதனை செய்துகொள்ள இடமிருக்க வேண்டும். ஊரில் கிளம்புவதற்கு முந்தைய வாரம் விருந்தும் கூட்டமும் இல்லாமல் இருந்தால், தீவுக்கு அது எந்தச் சான்றிதழையும் விடப் பெரிய உதவி. திரும்பும் தேதிக்குப் பின் இன்னும் பத்து நாள் விடுப்போ வேலை ஏற்பாடோ கைவசம் வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஃபூகெட் கேட்ட ஒரு லட்சம் டாலர் காப்பீடு சிகிச்சைச் செலவுக்கானது. நோயில்லாத ஆனால் உடனிருந்தவருக்கு அறை வாடகை யார் தருவார்கள் என்பதை அது தானாகச் சொல்லிவிடாது. கடைசியாக, விடுதியிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: விருந்தாளிக்குத் தொற்று வந்தால் எந்த அறையில், யார் செலவில் வைப்பார்கள், ஊழியருக்கு வந்தால் சம்பளத்தோடு ஓய்வு உண்டா. இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் முன்பணம் கட்டக் கூடாது.